ஊர்த் தோப்பு ஊருக்கே! எங்க மூணு புளியமரத்தின் கதை

(தோப்புப் புறம்போக்கை நிலப் பரிமாற்றம் செய்யக்கூடாது என்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த காத்திருப்புப் போராட்டத்தில், தோப்பில் மரப்பட்டா வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் சார்பில் பேசிய பேச்சு. வராதவர்களும் படிக்க வேண்டும் என்று சங்க உறுப்பினர்கள் கேட்டதால் இங்கே அச்சிடப்படுகிறது.)



காலையிலிருந்து இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம். குழந்தைகளைத் துண்டால் மூடி மடியில் வைத்திருக்கிறார்கள் தாய்மார்கள். இதே நேரம் நம்ம தோப்பில் உட்கார்ந்திருந்தால் வெயில் என்ன மணி என்றே தெரியாது. அந்த நிழல் நாளைக்கும் இருக்குமா, இருக்காதா என்று கேட்கத்தான் இன்னைக்கு வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளியூரிலிருந்து வந்த உறவுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நம்ம ஊர்த் தோப்பு நாலு ஏக்கர் சொச்சம். 'அ' பதிவேட்டில் 'அரசு புறம்போக்கு, தோப்பு' என்றுதான் எழுதியிருக்கிறது. தோப்புக்குப் பின்பக்கம் இருக்கிற மேட்டு நிலங்களை ஒரு கம்பெனி வாங்கி பிளாட் போட்டிருக்கிறது. பிளாட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து வழி இல்லை. நடுவில் தோப்பு நிற்கிறது. அதனால் என்ன செய்தார்கள்? தோப்பை எங்களுக்குக் கொடுங்கள், பதிலுக்குக் கரட்டு ஓரமாக அதே அளவு நிலம் தருகிறோம் என்று நிலப் பரிமாற்றத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். அந்த மனு ஒவ்வொரு மேஜையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் சங்கிலி பிடித்து அளக்க வந்தபோதுதான் ஆடு மேய்த்த பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள்.

எங்களுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எங்க குடும்பத்துக்கும் அந்தத் தோப்புக்கும் மூணு தலைமுறையாக இருக்கிற பந்தத்தை மட்டும் சொல்கிறோம். அதில் எங்களுக்குப் பெருமையும் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதும் இருக்கிறது. ரெண்டையும் மறைக்காமல் சொல்கிறோம்.

தாத்தா வைத்த மரம்

1950-ல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 'வனமகோத்சவம்' என்று மரம் நடுகிற விழாவை நாடு முழுக்கத் தொடங்கினார். அந்தப் பேச்சு நம்ம ஊர் வரைக்கும் வந்த காலம். தோப்பில் அப்பவே பெரிய இலுப்பை மரங்கள் இருந்தன. யார் வெச்சது என்று தாத்தாவுக்கே தெரியாது. தோப்பின் தெற்குப் பக்கம் மட்டும் வெட்டவெளியாக் கிடந்தது. தாத்தா அங்கே ஏழு குழி வெட்டி ஏழு புளியங்கன்று வெச்சாரு.

சொந்தமாக ஒண்ணரை ஏக்கர் மானாவாரி இருக்கும்போது புறம்போக்குல போய் ஏன் கன்று வைக்கணும் என்று ஆயா சண்டை பிடிச்சாங்களாம். புளி உடனே காய்க்கிற மரம் இல்லை. எட்டு வருஷமோ பத்து வருஷமோ ஆகும். ஏரியிலிருந்து காவடி கட்டி ரெண்டு பானையில தண்ணி சுமந்தாரு. ஆடு கடிக்காம வேலமுள்ளு வெட்டி வந்து சுத்தி அடைச்சாரு. ஏழில் மூணு பிழைச்சது.

அந்த மூணு மரத்தையும் அன்றைக்கு இருந்த கர்ணம் 2-சி கணக்கில் தாத்தா பேரில் எழுதினார். 2-சி என்றால் என்னவென்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புறம்போக்கில் ஒருவர் மரம் வைத்து வளர்த்தால் அந்த மரத்தின் பலனை அனுபவிக்க அரசாங்கம் கொடுக்கிற மரப்பட்டா அது. காய் உனக்கு. மண் உனக்கு இல்லை. மரத்தை இஷ்டத்துக்கு வெட்டவும் உனக்கு உரிமை இல்லை. வருஷா வருஷம் மரவரி கட்டி ரசீது வாங்க வேண்டும்.

தாத்தா அந்த ரசீதுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் எல்லாம் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பிறகும் அப்பா கொஞ்ச காலம் கட்டினார். அப்புறம் விட்டுவிட்டோம். சின்னத் தொகைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டோம். தாத்தா இறந்த பிறகு அப்பா பேருக்கு மாற்றவும் இல்லை. இன்றைக்கு அதையே காட்டி, "கணக்கில் இருப்பவர் உயிரோடு இல்லை, உங்களுக்கு என்ன உரிமை?" என்று எங்களைக் கேட்கிறார்கள். தப்பு எங்களுடையது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகர டப்பா இருக்கும். இன்று ராத்திரியே திறந்து பாருங்கள்.

தோப்பு சும்மா கிடக்கிறதா?

கம்பெனிக்காரர்கள் மனுவில் தோப்பு 'பயனற்றுக் கிடக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். பயன் என்றால் என்னவென்று அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவோம்.

மாசி, பங்குனியில் புளி. ஆம்பளைங்க மரமேறி உலுக்குவாங்க. கீழே பொம்பளைங்க பொறுக்குவாங்க. அப்புறம் வாசல்ல உட்கார்ந்து ஓடு தட்டி, நாரு எடுத்து, கொட்டை எடுத்து, பக்குவம் பண்ணுறதுக்கு ஒரு மாசம் போகும். ஓட்டோடு விற்றால் ஒரு விலை. கொட்டை எடுத்து கிருஷ்ணகிரி மண்டிக்குக் கொண்டுபோனால் வேறு விலை. வயலில் வேலை இல்லாத கோடையில் பெண்கள் கையில் காசு புரளுவது இந்தப் புளியால்தான்.

அதே பங்குனியில் இலுப்பை பூக்கும். விடியக்காலையில் தரையெல்லாம் பூவாக் கிடக்கும். ஆனி, ஆடியில் கொட்டை. ராத்திரி வௌவால் பழத்தைத் தின்னுட்டு கொட்டையைப் போட்டுட்டுப் போகும். காலையில பொறுக்கி, காய வெச்சு, செக்குக்குக் கொடுத்தா எண்ணெய். கோயிலுக்கும் விளக்குக்கும் அதுதான். ஆயா காலத்தில் பலகாரம் சுட்டதும் அந்த எண்ணெயில்தான்.

அதே ஆனி, ஆடியில் வேப்பம்பழம். பழத்தை மிதித்து எடுத்த கொட்டையை நிழலில் காய வைத்து, பருப்பை இடித்து, 5 கிலோ தூளை ராத்திரி ஊற வைத்து வடிகட்டி 100 லிட்டர் கரைசலாக்கி அடித்தால் கத்திரிக்கும் கடலைக்கும் பூச்சி மருந்துக் கடைக்குப் போகிற செலவு பாதி குறையும். வடக்கு ஓரம் நிற்கிற புங்கன் தழை நெல் வயலுக்கு உரம். ஏக்கருக்கு இரண்டரை டன் தழை மிதித்தால் நல்லது என்று வேளாண்மைத் துறையே சொல்கிறது. அவ்வளவு தழைக்கு எங்கே போவது? சிறு விவசாயியின் ஒண்ணரை ஏக்கரில் புங்கனும் வேம்பும் வளர்க்க இடம் ஏது?

நம்ம சொந்த நிலத்தில் இல்லாததைத் தோப்பு கொடுக்கிறது. அதனால்தான் ஒண்ணரை ஏக்கரை வைத்துக்கொண்டு நாம் இன்னும் விவசாயியாக இருக்கிறோம். தோப்பை எடுத்துவிட்டால் அந்த ஒண்ணரை ஏக்கரும் தானாக பிளாட்டாகிவிடும். அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இது நாம் மட்டும் சொல்வது இல்லை. என்.எஸ். ஜோதா என்ற பொருளாதார அறிஞர் தமிழ்நாடு உள்பட 7 மாநிலங்களின் வறண்ட கிராமங்களில் வருஷக்கணக்காக ஆராய்ந்து 1986-ல் எழுதினார். ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் வரை ஊர்ப் பொது நிலங்களிலிருந்து கிடைக்கிறது என்று கணக்குக் காட்டினார். நூறு ரூபாயில் இருபது ரூபாய் பக்கம் வருகிறது. அதற்குப் பெயர் பயனற்ற நிலமா?

2016-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அரசே அறிவித்தது. எங்க நிலத்தில் கடலை விதையே திரும்பவில்லை. கிணற்றில் கல் தெரிந்தது. அந்த வருஷம் எங்க வீட்டில் அடுப்பு எரிந்தது தாத்தா வைத்த மூணு மரத்தால். காய்ப்பு குறைவுதான். ஆனாலும் காய்ச்சது. ஏரித் தண்ணியைச் சுமந்து ஊத்தினவர் மண்ணுக்குள்ள போய் எத்தனையோ வருஷம். அந்தத் தண்ணிக்கு வட்டி அப்போதான் எங்களுக்கு வந்துச்சு.

வீட்டுக்குள் வந்த பேச்சு

இப்போது வெட்கப்பட வேண்டிய பகுதி.

மரப்பட்டா உள்ள குடும்பங்களைக் கம்பெனி ஆட்கள் தனித்தனியாக வீடு தேடி வந்து பார்த்தார்கள். ஊர்க் கூட்டம் போடவில்லை. ராத்திரியில் வந்தார்கள். ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று தொகை சொன்னார்கள். நாங்கள் தொகையைச் சொல்லப் போவதில்லை. எங்க சொசைட்டிக் கடன் பாதிக்கு மேல் அடையும், அவ்வளவு சொன்னால் போதும்.

மூணு நாள் எங்க வீட்டில் ஒரே சண்டை. "மரம் கிழடாப் போச்சு, இன்னும் எத்தனை வருஷம் காய்க்கும்? வந்த வரைக்கும் லாபம்" என்றது ஒரு பக்கம். "தாத்தா வெச்ச மரத்தை விக்கலாமா?" என்றது இன்னொரு பக்கம். விற்கலாம் என்று சொன்னவர்களும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட நாள் நெருங்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மூணாவது நாள் ராத்திரி, அதுவரை வாயே திறக்காத அம்மா கேட்டாங்க: "நம்ம மூணு மரத்துக்குக் காசு தர்றாங்க. அந்த இலுப்பைக்கெல்லாம் யாருக்குக் காசு தர்றாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இலுப்பை யார் பேரிலும் இல்லை. வேம்பு யார் பேரிலும் இல்லை. 2-சி கணக்கில் பேர் இருப்பது சில குடும்பங்களுக்குத்தான். ஆனால் ஆடி மாசம் இருட்டோடு எழுந்து கூடை தூக்கிக்கொண்டு இலுப்பைக் கொட்டை பொறுக்கப் போவது யார்? கீழத்தெரு ஜனங்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். எங்க தாத்தா பேராவது ஒரு நோட்டில் இருக்கிறது. அவர்கள் பேர் எந்த நோட்டிலும் இல்லை. கம்பெனி கணக்கில் அவர்கள் மனுஷரே இல்லை.

அம்மா அதோடு நிறுத்தவில்லை. "உங்க அப்பா பண்ணினது ஞாபகம் இருக்கா?" என்றாங்க.

ஞாபகம் இருக்கிறது. எங்களுக்குச் சின்ன வயசு. எங்க மரத்துக் கீழே விழுந்து கிடந்த புளியைக் கீழத்தெருப் பெண் பிள்ளை ஒன்று மடியில் பொறுக்கிக் கட்டியது. அப்பா தொரட்டிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் துரத்தினார். மடியிலிருந்த புளியெல்லாம் வழியெங்கும் சிதறியது. நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். ஊர்ப் பொதுத் தோப்பு என்று இன்று மைக் பிடித்துப் பேசுகிறோம். அன்றைக்கு அது பொதுவாகவா இருந்தது? தெருவுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தோம். அந்த அக்கா இன்னைக்கு இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. இந்தக் கூட்டத்தில் வெச்சு அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்குறோம்.

அன்றைக்கு நாம் அவர்களைத் துரத்தினோம். இன்றைக்குக் கம்பெனி நம்மைத் துரத்துகிறது. "பட்டா இருக்கா?" என்று அன்றைக்கு நாம் கேட்ட கேள்வியைத்தான் இன்று அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள். தனித்தனி மரமாகப் பார்த்தால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு விலை வந்துவிடும். பதினாலு வீடும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால், மிச்சம் நிற்கிற மரத்துக்குக் கேட்க ஆள் இருக்காது. தோப்பாகப் பார்த்தால்தான் அதை விற்க முடியாது. ஏனென்றால் தோப்பை விற்கிற உரிமை எங்களில் யாருக்கும் கிடையாது.

மறுநாள் காலையில் கம்பெனி ஆளுக்கு எங்க குடும்பம் பதில் சொல்லி அனுப்பியது: "மரம் எங்க தாத்தா வெச்சது. தோப்பு அவரு வெச்சதில்லை."

சட்டம் என்ன சொல்கிறது?

'புறம்போக்கு' என்று ஆளைத் திட்டுகிறோம். எதற்கும் உதவாதவன் என்ற அர்த்தத்தில் திட்டுகிறோம். புறம்போக்கு என்றால் ஒன்றுக்கும் ஆகாத நிலம் இல்லை. தீர்வை போட்ட பட்டா நிலத்துக்குப் புறம்பாக, ஊரின் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி வைத்த நிலம். ஏரி, குளம், களம், மந்தை, சுடுகாடு, தோப்பு. ஊருக்கே உதவுகிற நிலத்தின் பெயரை வசவாக்கிவிட்டோம். அதனால் அதை எடுத்துக்கொள்வது சுலபமாகிவிட்டது.

1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 134-வது பிரிவைப் பாருங்கள். மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை ஆகியவற்றோடு தோப்புப் புறம்போக்கும் ஊராட்சியின் பொறுப்பில் வருகிறது. தோப்பு என்ற வார்த்தையே சட்டத்தில் இருக்கிறது. "இது வருவாய்த்துறை விஷயம், ஊராட்சிக்குச் சம்பந்தமில்லை" என்று இனி யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

2011 ஜனவரி 28-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜக்பால் சிங் வழக்கு. பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ரோஹர் ஜாகிர் என்ற கிராமத்தில் ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். கட்டியது கட்டியாகிவிட்டது, நிலத்துக்கு விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்று நடுவில் ஒரு அதிகாரி உத்தரவு போட்டார். செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. எத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்தாலும், எவ்வளவு செலவு பண்ணியிருந்தாலும், எவ்வளவு பெரிய செல்வாக்கு இருந்தாலும் பொது நிலம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றது. எல்லா மாநிலங்களும் இதற்குத் திட்டம் போட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பைக் காட்டி, புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் ஏழையை மட்டும் காலி செய்ய வருகிற பழக்கம் இருக்கிறது. நிலமில்லாத கூலி விவசாயிகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு அரசு முறையாக ஒப்படை செய்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் படிப்பவர்களிடம் மறுபாதியையும் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆபத்து நம்ம ஊரோடு நிற்பதும் இல்லை. 2023-ல் சட்டசபையில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு, நடுவில் இருக்கும் நீர்நிலைகளையும் சேர்த்து ஒன்றாக எடுத்துக்கொள்ள வழி திறக்கிறது. விவசாயிகள் சங்கங்கள் அப்போதே எதிர்த்தன. நாலு ஏக்கர் தோப்புக்கே நாம் வாய் திறக்காவிட்டால் நானூறு ஏக்கருக்கு எப்படித் திறப்போம்?

அவர்கள் கேள்வியும் நம்ம பதிலும்

"மாற்று நிலம் தருகிறோமே, அளவு ஒன்றுதானே?" அளவு ஒன்றுதான். வயசு ஒன்றா? கரட்டில் கொடுக்கிற நாலு ஏக்கரில் இன்று கன்று வைத்தால் புளி காய்க்க பத்து வருஷம். இலுப்பை இன்றைய தோப்பு மாதிரி ஆக எங்க பேரனுக்குப் பேரன் வர வேண்டும். அதுவரை கீழத்தெருப் பெண்கள் எந்த மரத்தடியில் பொறுக்குவார்கள்? அதுவும் மூணு கிலோமீட்டர் நடந்து?

"மரம் பழசாகிவிட்டதே?" புளியமரம் ஒரு மனுஷ ஆயுசுக்கு மேலேயும் காய்க்கும். எங்க மரங்களுக்கு எழுபது வயசு இருக்கும். போன மாசியில் ஏறி உலுக்கியவர்கள் இங்கே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பழசானதெல்லாம் வெட்ட வேண்டும் என்றால் எங்களையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.

"பிளாட் வந்தால் ஊர் முன்னேறுமே?" வரட்டும். அவர்கள் வாங்கிய நிலத்தில் அவர்கள் வழியை விட்டுக்கொள்ளட்டும். வழி இல்லாத நிலம் என்று தெரிந்து குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் அவர்கள். அந்தக் குறைந்த விலையின் மிச்சத்தை நம்ம தோப்பில் வசூலிக்கப் பார்க்கிறார்கள்.

"கிராமசபையில் தீர்மானம் இருக்கிறதே?" எந்தத் தேதியில்? யார் யார் கையெழுத்து? நகல் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கேட்க ஆளில்லை என்று நினைத்து அதற்குப் பிறகுதான் இந்த மனு வேகமாக நகர்ந்தது. தலைவர் இல்லாவிட்டால் என்ன? ஊர் இருக்கிறதே!

ஒவ்வொரு ஊரும் செய்ய வேண்டியது

வெளியூர் நண்பர்களே, உங்க ஊரிலும் ஒரு தோப்போ, மந்தையோ, களமோ இருக்கும். சங்கிலி வந்த பிறகு ஓடாதீர்கள். இப்போதே செய்யுங்கள்.

முதலாவது, உங்க ஊர்ப் பொது நிலங்களின் சர்வே எண்ணை எடுங்கள். 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று இணையத்திலேயே பார்க்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். சர்வேயில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பழைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, 2-சி கணக்கின் நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். வாரிசு பேர் மாறாமல் இருந்தால் மனுக் கொடுத்து மாற்றுங்கள். மரவரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

மூன்றாவது, மரங்களை எண்ணுங்கள். பெயிண்டால் நம்பர் போடுங்கள். என்ன மரம், எத்தனை, யார் பொறுக்குகிறார்கள், எந்த மாசம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டா உள்ளவர் பேரை மட்டும் எழுதினால் போதாது. பொறுக்குகிறவர் பேரையும் எழுதுங்கள். அரசாங்க நோட்டில் இல்லாத பேர் நம்ம நோட்டிலாவது இருக்க வேண்டும். நம்ம ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் இதை முடித்துவிட்டார்கள்.

நான்காவது, கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு இருந்தது. 2022-ல் மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் அரசு சேர்த்தது. வருஷத்துக்கு ஆறு. "தோப்புப் புறம்போக்கை வகை மாற்றவோ, பரிமாற்றம் செய்யவோ இந்தக் கிராமசபை சம்மதிக்கவில்லை" என்று அதே வார்த்தைகளில் எழுத வையுங்கள். எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

நம்ம கோரிக்கைகள்

1. தோப்புப் புறம்போக்கை நிலப் பரிமாற்றம் செய்யக் கோரும் மனுவை உடனே நிராகரிக்க வேண்டும். அந்தக் கோப்பின் முழு நகலை ஊர் மக்களுக்குத் தர வேண்டும்.

2. தோப்பை அளந்து எல்லைக்கல் நட்டு, ஊராட்சிப் பதிவேட்டில் மரங்களின் எண்ணிக்கையோடு பதிய வேண்டும்.

3. 2-சி மரப்பட்டாக்களை வாரிசுகள் பேருக்கு முகாம் போட்டு மாற்றித் தர வேண்டும்.

4. இலுப்பை, வேம்பு, புங்கன் ஆகிய பொது மரங்களின் பலனை நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் குழுவுக்கு ஏலம் இல்லாமல் ஒதுக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை எழுதியது மரப்பட்டா வைத்திருக்கும் பதினாலு குடும்பங்களும் சேர்ந்து.

5. காய்ந்துபோன மரங்களின் இடத்தில் இந்த மழைக்காலத்திலேயே புதுக் கன்று வைக்க அனுமதி தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஐந்தாவது கோரிக்கைக்கு அனுமதி வருகிற வரைக்கும் நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. போன வாரம் எங்க வீட்டுச் சின்னப் பிள்ளை புளியங்கொட்டையைச் சாணிப்பால்ல நனைச்சு பால் கவருக்குள்ள போட்டு வெச்சிருக்கா. முளை விட்டிருக்கு. ஆடிப் பட்டத்தில் தோப்பின் தெற்கு ஓரம் குழி வெட்டப் போகிறோம். ஒரு வீட்டுக் கன்றாக வைக்கப் போவதில்லை. மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து வைக்கிற கன்று. அது காய்க்கும்போது எங்களில் பாதிப் பேர் இருக்க மாட்டோம். தாத்தாவும் இருக்கவில்லை. அதனால் என்ன?

சங்கிலி பிடிக்க மறுபடி வந்தால், யார் வீட்டு மரம் என்று பார்க்காதீர்கள். எல்லாரும் வந்து நில்லுங்கள். நாங்கள் அங்கே இருப்போம்.

ஊர்த் தோப்பு ஊருக்கே!
விற்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம்!